ரத்தத்தை நிறுத்தும் வெள்ளைக் கல்

சவரம் செய்யும்போது கன்னத்தில் பிளேடு கீறி விடுகிறது. ரத்தம் முத்து முத்தாக எட்டிப் பார்க்கிறது. உடனே சிலர் செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து அதன் மேல் ஒட்டிக் கொள்கிறார்கள். ஒட்டியதை மறந்து, அந்தக் காகிதத்துடனேயே ஆபீசுக்குப் போய்ச் சேருகிறவர்களும் உண்டு!

இதற்கு நம் வீடுகளில் வெகுகாலமாக ஒரு கைமருந்து இருக்கிறது. அதுதான் படிகாரம்.

சீனாக்காரம் என்றும் இதற்குப் பெயர் உண்டு. கடை வாசலில் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்க விடுகிறார்களே, அதே கல்தான். அங்கே அது கண் திருஷ்டிக்காகத் தொங்குகிறது. குளியல் அறையில் இருந்தால் அதற்கு இன்னும் நல்ல வேலை இருக்கிறது.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். வெண்காரம் வேறு, நவச்சாரம் வேறு. சவரத்துக்கு என்று வழவழப்பாக அறுத்து, சோப்புக் கட்டி போல விற்பதும் உண்டு. அது கைக்கு வசதி. முனை கூராக இருக்கும் கல்லை முகத்தில் தேய்க்காதீர்கள்.

ஏன் எரிகிறது?

படிகாரம் ஒரு உப்பு. பொட்டாசியம், அலுமினியம் என்ற இரண்டு உலோகங்களின் சல்பேட்டுகள் சேர்ந்து உண்டான இரட்டை உப்பு. கல்லாகத் தெரிந்தாலும் அதன் எடையில் சுமார் 45 சதவிகிதம் தண்ணீர்தான்! இரும்புச் சட்டியில் போட்டுச் சூடாக்கினால், 92 டிகிரிச் சூட்டிலேயே தன் தண்ணீரில் தானே கரைந்து, குமிழி விட்டுப் பொங்கும். தண்ணீர் வற்றியதும் பஞ்சு போன்ற வெள்ளைப் பொருள் மிஞ்சும். பொரித்த படிகாரம் என்பது இதுதான்.

ஈரத் தோலில் படிகாரம் பட்டதும், ரத்தத்திலும் தோலிலும் உள்ள புரதம் இறுகுகிறது. தோல் சுருங்கிக் கொள்கிறது. கீறலின் வாய் அடைபட்டு ரத்தம் நிற்கிறது. கடுக்காயை நாக்கில் வைத்தால் வாய் இழுத்துப் பிடிக்கிறதே, அதே துவர்ப்புக் குணம்.

கீறல் இருக்கும் இடத்தில் சுரீர் என்று எரியும். இந்த எரிச்சல் ஒரு வாத்தியார். எந்த இடத்தில் எரிகிறதோ, அந்த இடத்தில் பிளேடை அழுத்தி இழுத்திருக்கிறீர்கள் என்று பொருள். மறுநாள் அங்கே கையை லேசாக்குங்கள். நாளடைவில் எரிச்சல் குறைந்து விடும்.

செய்யும் முறை சுலபம். சவரம் முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் முகத்தைக் கழுவுங்கள். கல்லை நனைத்து, ஈர முகத்தில் மெதுவாகத் தடவுங்கள். அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம். பிறகு நன்றாகக் கழுவி விடுங்கள். கழுவாமல் விட்டால் தோல் வறண்டு இழுக்கும். கடைசியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

ஆழமான வெட்டுக்கு இது மருந்து அல்ல. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

ஒரே கல், பல கன்னங்கள்

இனிச் சொல்வதுதான் முக்கியம். குடும்பத்தோடு படியுங்கள்.

சில முடி திருத்தும் கடைகளில் ஒரே படிகாரக் கல் காலை முதல் இரவு வரை எல்லோர் முகத்திலும் போகிறது. ஒருவர் கன்னத்தில் கீறல். அதில் கல்லைத் தேய்க்கிறார்கள். அடுத்தவர் மோவாயிலும் கீறல். அதே கல்!

"படிகாரம் கிருமியைக் கொல்லும், பயம் இல்லை" என்று பலர் நம்புகிறார்கள். சில நுண்கிருமிகள் வளர்வதை அது தடுக்கும் என்பது உண்மை. ஆனால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் 'ஹெபடைட்டிஸ் பி' கிருமியை நம்பி அதனிடம் ஒப்படைக்க முடியாது. அந்தக் கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாட்கள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே அதற்குப் போதும். ஈரலைக் கெடுக்கும் நோய் அது.

கடைக்காரரிடம் கோபப்பட வேண்டியது இல்லை. "அண்ணே, புது பிளேடு போடுங்க. கல்லு வேண்டாம், நான் கொண்டு வந்திருக்கேன்" என்று சொன்னால் போதும். கல்லைப் பொடித்து, ஒவ்வொருவருக்கும் தனிப் பஞ்சில் தொட்டு வைத்து, அந்தப் பஞ்சை எறிந்து விடுகிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்ட வேண்டும்.

வீட்டிலும் இதே கட்டுப்பாடுதான். அப்பாவுக்கு ஒரு கல், மகனுக்கு ஒரு கல்.

அழகு தருமா?

படிகாரம் தேய்த்தால் முகம் சிவப்பாகும், சுருக்கம் மறையும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம். தோல் சற்று நேரம் இறுகுவதைப் பார்த்து, சுருக்கம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். தினமும் முகத்தில் பூசி ஊற வைத்தால் வறட்சியும் அரிப்பும்தான் மிச்சம். கரப்பான், படை உள்ளவர்கள் கிட்டேயே போகக் கூடாது. கண்ணில் படக் கூடாது.

அக்குள் நாற்றத்துக்கு மட்டும் இது நல்ல துணை. வியர்வைக்குத் தனியாக வாடை கிடையாது. அதைத் தின்னும் கிருமிகளால்தான் வாடை வருகிறது. குளித்த பின் நனைத்த கல்லை அக்குளில் தடவினால் அந்தக் கிருமிகள் அடங்கும். தாய்லாந்து மக்களுக்கு இது பழைய பழக்கம். இப்போது இதே கல்லை அழகான டப்பாவில் அடைத்து, "அலுமினியம் இல்லாதது" என்று எழுதி, பல மடங்கு விலைக்கு விற்பதும் நடக்கிறது. படிகாரமே அலுமினிய உப்பு என்பதை நினைவில் வையுங்கள்!

போப்பாண்டவரின் கல்

துணிக்குச் சாயம் பிடிக்கவும் படிகாரம் வேண்டும். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளில் சாயவேரின் சிவப்பு அழியாமல் நின்றது படிகார நீரால்தான். ஐரோப்பியர் ஒரு காலத்தில் இதைத் துருக்கியரிடம் பெரும் பணம் கொடுத்து வாங்கினார்கள். 1460-களின் தொடக்கத்தில் ரோமுக்கு அருகே தோல்ஃபா மலையில் படிகாரப் பாறை கிடைத்தது. போப்பாண்டவரின் கஜானா நிரம்பியது!

பத்திரம்!

படிகாரம் பார்ப்பதற்குக் கற்கண்டு போலவே இருக்கும். குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. அதிகம் விழுங்கினால் வாயும் தொண்டையும் எரிந்து வாந்தி வரும். தாய்மார்கள் அதை அஞ்சறைப் பெட்டி பக்கம் வைக்கவே கூடாது.

கல்லைத் தண்ணீரில் ஊற விட்டால் கரைந்து போகும். துடைத்து, காய வைத்து, பீங்கான் அல்லது பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். தகர டப்பா துருப்பிடிக்கும்.

புதுக் கல்லில் ஒரு துண்டை உடைத்துப் பையனிடம் கொடுத்தால் விடுமுறைக்கு வேடிக்கை கிடைக்கும். சுடு தண்ணீரில் இனி கரையாது என்கிற வரை கரைக்க வேண்டும். வடிகட்டி, ஆற விட்டு, நூலில் ஒரு சிறு பொடிக்கல்லைக் கட்டி அதில் தொங்க விட வேண்டும். பாத்திரத்தை ஆட்டக் கூடாது. சில நாட்களில் அந்தப் பொடிக்கல் வளர்ந்து, அறுத்து வைத்த வைரம் போல எட்டு முகம் காட்டும்.