மூளை முடக்குவாதம்: வீட்டில் நடக்கும் சிகிச்சை



பிள்ளைக்கு எட்டு மாதமாகியும் உட்காரவில்லை என்றால், "அவங்க அத்தாவும் லேட்டாத்தான் நடந்தாரு" என்று நன்னி சமாதானம் சொல்வார். அப்படியே ஒரு வருடம் போய்விடும். அந்த ஒரு வருடம்தான் முக்கியமானது.

நான்கு மாதமாகியும் தலை நிற்காதது, தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்வது, விரல்கள் மூடியே இருப்பது, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் நீட்டுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பே செரிபிரல் பால்ஸி எனும் மூளை முடக்குவாதம். குறைமாதப் பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், முற்றிய மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை காரணமாகலாம். பெற்றவளைக் குற்றம் சொல்வதில் நியாயமே இல்லை. ஓதிப் பாருங்கள், துஆ செய்யுங்கள். ஆனால் மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் நம் நபி (ஸல்) அவர்கள்தான்.

மூளையின் பாதிப்பு நாளுக்கு நாள் பெருகாது. ஆனால் கவனிக்காமல் விட்டால் தசைகள் இறுகி மூட்டுகள் மடங்கிவிடும். வாரம் ஒருநாள் அரை மணி நேர பிசியோதெரபி மட்டும் இதைத் தடுக்காது, மீதி நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தானே இருக்கிறது! தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இதைப் புரிந்து வேலை செய்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது அது. அதன் பணியாளர்கள் வீடு தேடிப் போய்த் தாய்க்கே பயிற்சியைக் கற்றுத் தருகிறார்கள்.

கற்றுத் தருவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கால் பின்னும் பிள்ளையை இரு காலும் விரிய இடுப்பில் தூக்குவது, படுக்கவைத்து ஊட்டாமல் முதுகு நிமிர, தலை சற்றே முன்சாய உட்காரவைத்து ஊட்டுவது, சுவர் மூலையில் சாய்த்து உட்காரவைத்து எதிரே பொம்மையை நீட்டுவது. இதையெல்லாம் அண்ணன், அக்கா விளையாட்டாகவே செய்துவிடுவார்கள். இறுகிய காலை எண்ணெய் தேய்த்து வலுவாக இழுக்கக் கூடாது. வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறகு நடக்கிறார்கள். நடக்காத பிள்ளையும் சக்கர நாற்காலியில் பள்ளிக்கும் மக்தபுக்கும் போகலாம். பேச்சு குழறினால் அறிவு குறைவு என்று நினைக்காதீர்கள். 2016 சட்டப்படி, குறைந்தது 40 சதவீத பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை.

திண்டிவனத்தார் முதலில் அங்குள்ள அரசு மருத்துவமனையிலும், மேல்பரிசோதனைக்கு விழுப்புரம் வழியிலுள்ள முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். மருத்துவச் சான்று கிடைத்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்குப் பதியுங்கள். மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவும் இதில் அடங்கும். பஸ் கட்டணத்துக்கே தடுமாறி சிகிச்சையை விட்ட குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால் ஜமாஅத்தில் சொல்லுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு ஜகாத்திலிருந்தே அதைக் கொடுக்கலாம்.