மிஷன் பள்ளியில் கத்தோலிக்கம் எங்கே இருக்கிறது?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 1852-ஆம் ஆண்டு இரண்டு பள்ளிகள் தோன்றின. ஆண்பிள்ளைகளுக்கு டி லா சால் சகோதரர்களின் செயின்ட் சேவியர் பள்ளி. பெண்பிள்ளைகளுக்குக் குழந்தை இயேசு சபைக் கன்னியர்களின் லைட் ஸ்திரீட் கான்வென்ட். பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாமிலும் கான்வென்ட் உண்டு. பத்து காவான் புதுநகரில் குடியேறும் தமிழ்ப் பெற்றோர் இத்தகைய மிஷன் பள்ளியைப் பற்றி யோசித்தால், ஒரு கேள்வி எழுவது இயல்பு: எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கும் இடத்தில் கத்தோலிக்கம் எங்கே இருக்கிறது? பிற மத மாணவர் பெருகுவதால் அடையாளம் கரைகிறது என்கிறார்கள் சிலர். அந்தக் கவலை தவறான இடத்தில் விழுகிறது.

மலேசிய மிஷன் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசு உதவி பெறுபவை. நிலம் சபைக்குச் சொந்தம். ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் கல்வி அமைச்சின் பொறுப்பு. முஸ்லிம் மாணவர் ஐவர் இருந்தாலே இஸ்லாமியக் கல்வி நடத்த வேண்டும் என்கிறது 1996 கல்விச் சட்டம். மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. அதே சட்டத்தின் 51-ஆவது பிரிவு, பள்ளி வாரியம் பிற சமயங்களையும் போதிக்க இடம் தருகிறது. ஆனால் அரசுப் பணம் செலவாகக் கூடாது, பெற்றோரின் எழுத்துபூர்வ இசைவின்றி வேற்று மதப் பிள்ளையை அவ்வகுப்பில் அமர்த்தக் கூடாது. ஆக, வேற்று மத மாணவர் இருப்பது கத்தோலிக்க மறைக்கல்விக்குத் தடையல்ல. சகோதரர்களும் கன்னியர்களும் குறைந்து, தலைமையாசிரியர் நியமனங்களில் வாரியத்தின் குரல் தேய்வதே உண்மையான இழப்பு.

'மறைக்கல்வியை அரசுப் பணமின்றித் தனி வகுப்பாக ஒதுக்கினால் மிஞ்சுவது பெயர்ப்பலகைதானே?' என்று கத்தோலிக்கர் கேட்கலாம். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிக்குச் சிலுவை எதற்கு என்று மற்றவர் கேட்கலாம். இருவருமே அடையாளத்தை வெளிச்சின்னங்களில் மட்டும் தேடுகிறார்கள். கத்தோலிக்கப் பள்ளியின் அடையாளம் குறித்து வத்திக்கான் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி, கத்தோலிக்கருக்கு மட்டுமே என்று கதவடைக்கும் பள்ளியையும் ஏற்கவில்லை, தன் நம்பிக்கையைச் சொல்லக் கூசும் பள்ளியையும் ஏற்கவில்லை. சிலுவை பள்ளியை நிறுவியவர்களின் வரலாறு. அதைக் கழற்றுவதால் எந்த மாணவரின் உரிமையும் கூடிவிடாது. அதைக் காட்டி யாரையும் மதம் மாற்றவும் கூடாது. ஏழைப் பிள்ளைக்கு இடம் தருவதும், பின்தங்கியவரைக் கைவிடாததும், எந்தப் பிள்ளையின் வழிபாட்டையும் இழிவுபடுத்தாததும்தான் அப்பள்ளிகள் தொடங்கப்பட்டதன் நோக்கத்தைக் காக்கும்.

இதைச் செய்யும் பொறுப்பு கல்வி அமைச்சுக்கு மட்டும் உரியதன்று. வாரியத்தில் இருப்பவர்களும் முன்னாள் மாணவர்களும் பள்ளியின் ஆண்டுவிழாவுக்கு வந்துபோவதோடு நிற்காமல், தலைமையாசிரியர் நியமனத்தில் தங்கள் கருத்தைக் கேட்குமாறு அமைச்சிடம் விடாமல் வலியுறுத்த வேண்டும்.