ஆர்கானிக்: எதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்?

“டாக்டர், அரிசியிலேர்ந்து உப்பு வரைக்கும் ஆர்கானிக்கா மாத்திட்டோம். மாசக் கடைசியில கையைக் கடிக்குது. என்ன பண்ணலாம்?” என்று பல இல்லத்தரசிகள் கேட்கிறார்கள்.

முதலில் உப்பை விடுங்கள். அது விளைகிற பயிரா என்ன, பூச்சிமருந்து அடிக்க?

இயற்கை விளைபொருளுக்கு ஒன்றரை மடங்கு, சிலவற்றுக்கு இரண்டு மடங்கு விலை இருப்பதற்குக் காரணம் உண்டு. களைக்கொல்லி கிடையாது, ஆள் வைத்துத்தான் களை பறிக்க வேண்டும். ரசாயன உரத்தை நிறுத்தியதும் மகசூல் குறையும். சான்றிதழ் கிடைக்க நிலத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று வருடம் ஆகும். அந்த நஷ்டமெல்லாம் விலையில்தான் ஏறும்.

சரி, நமக்கு என்ன லாபம்? 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். சத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை; பூச்சிமருந்து மிச்சம் மட்டும் ஆர்கானிக்கில் குறைவு. ஆகவே மருந்து எதில் அதிகம் தங்குமோ, அங்கே காசைப் போடுங்கள். கறிவேப்பிலை, கொத்துமல்லி, கீரை, தோலோடு தின்னும் திராட்சை இவைதான் முக்கியம். மணத்தக்காளிக் கீரையை வயிற்றுப்புண்ணுக்குச் சாப்பிடச் சொல்கிறோம். அதிலேயே விஷம் இருந்தால் எப்படி? கறிவேப்பிலைக்கு ஒரு தொட்டி போதும், செலவே இல்லை. தோலுரிக்கிற வாழைப்பழம், ஓடுடைக்கிற தேங்காய், பூசணிக்காய்க்கெல்லாம் கூடுதல் விலை கொடுக்க அவசியமில்லை. ஆர்கானிக் பிஸ்கட்டும் பிஸ்கட்தான். ஆர்கானிக் நாட்டுச் சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், நீரிழிவுக்காரர்கள் ஏமாந்துவிடாதீர்கள்.

எனக்குக் கவலை தருவது வேறு. விலைக்குப் பயந்து கீரையையும் காயையும் குறைத்துக்கொள்கிறார்களே, அதுதான். ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் காய், பழம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கட்டு ஆர்கானிக் கீரை விலையில் சாதாரணக் கீரை இரண்டு கட்டு வருமென்றால், தயங்காமல் இரண்டு கட்டாக வாங்கி, ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசிச் சமையுங்கள். அலசினால் எல்லா மருந்தும் போய்விடாது; மேலே படிந்ததில் ஒரு பங்கு போகும். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கிற வீட்டில் மட்டும், முடிந்தால் கீரையை இயற்கை முறையில் விளைந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

பாக்கெட்டில் ‘நேச்சுரல்’, ‘பாரம்பரியம்’ என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் யூரியா போடலாமே! ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நேரடியாக விற்கிற சிறு விவசாயிக்கு அது கட்டாயமில்லை. அவரிடம் பூச்சிக்கு என்ன அடிக்கிறீர்கள், உரம் என்ன போடுகிறீர்கள் என்று பேச்சுக் கொடுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வயலையே போய்ப் பார்த்துவிட்டு வாங்கலாம்.