துறைமுகக் கணக்குப் பிரிவிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

தமக்கேற்ற வேலையைத் தாமே தேடிப் போனவர்களில் வடசென்னை பெருமையோடு சொல்லத்தக்கவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன். தண்டையார்பேட்டைக்குத் தெற்கே உள்ள சென்னைத் துறைமுகத்தில் 1912 மார்ச் 1 அன்று அவர் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அதற்கு முன் கணக்காயர் அலுவலகத்தில் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள் தற்காலிக வேலை.

துறைமுக வேலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கல்லூரித் தேர்வில் தவறி, பட்டமில்லாமல், பிறர் உதவியில் நாளைக் கழித்தவருக்கு அதுதான் முதல் நிலையான வருமானம். தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர்; வேலை நேரம் போக இருவரும் கணிதத்தில் மூழ்குவார்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவாக இருந்தார். திறமையை மதிக்கத் தெரிந்த மேலதிகாரிகள் வாய்ப்பது எவ்வளவு பெரிய பேறு!

ஆனாலும் எழுத்தர் நாற்காலியிலேயே நின்றுவிட ராமானுஜன் விரும்பவில்லை. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் துறைமுக எழுத்தர் என்று ஒளிக்காமல் அறிமுகம் செய்துகொண்டு, தன் தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்திருந்தார். முன்பு வேறு அறிஞர்களுக்கு எழுதிப் பலனில்லை. ஹார்டி பதில் எழுதினார்.

அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. அதைவிட மேலாக, நாள் முழுதும் கணிதத்துக்கே. ஹார்டி அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். கடல் கடப்பதில் வைதிகக் குடும்பத்துக்கு இருந்த தயக்கமும் நீங்கிய பின், 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.