குடலின் குறையும் உணவின் நெறியும்

உடம்பிலே நோய் உண்டு. பரிசோதனையிலோ ஒன்றும் தென்படவில்லை. இந்நிலையில் வருந்துவோர் நம்மிடையே பலர். வயிற்றுவலி, உப்புசம், ஒருநாள் மலச்சிக்கல், மறுநாள் கழிச்சல் என மாறிமாறித் துன்புறுத்தும் இந்நோயை வைத்தியர் ‘ஐ.பி.எஸ்.’ என்பர், தமிழிற் ‘குடல் எரிச்சல் நோய்’ எனலாம்.

கம்பளையிலிருந்தோ மாத்தளையிலிருந்தோ காலை பஸ்ஸிற் கண்டிக்குப் படிக்க வரும் மாணவன், வழியில் வயிறு கலக்குமோ என அஞ்சி உண்ணாமலே புறப்படுகிறான். பள்ளிக்குப் போகாதிருக்கச் சாட்டுச் சொல்கிறான் என வீட்டார் கடிந்துகொள்வதும் உண்டு. இது சாட்டும் அன்று. வெறும் மனப்பிரமையும் அன்று. குடலிற் புண் இல்லாவிடினும் அதன் நரம்புகள் மிகையுணர்ச்சி கொண்டுள்ளன. ஆதலின், பிறர் பொருட்படுத்தாத சிறு வாயுவும் இவர்க்கு வலியாகிறது.

அவ்வாயு எங்ஙனம் மிகுகின்றது? சிலவகைக் காபோவைதரேற்றுக்கள் சிறுகுடலில் நன்கு உறிஞ்சப்படாமல் நீரை ஈர்க்கின்றன. பெருங்குடலை அடைந்ததும் பற்றீரியாக்களால் நொதித்து வாயுவாகின்றன. கோதுமை, வெங்காயம், உள்ளி, பருப்பு, பால் ஆகியவற்றில் இவை மிகுதி. மலைநாட்டிற் பழகிய ரொட்டி, பருப்புக்கறி, வெங்காயச் சம்பல், பால்தேநீர் என்னும் உணவில் இவ்வைந்தும் ஒருங்கே சேர்ந்துவிடுகின்றன!

அதற்காக இவற்றை என்றென்றும் துறத்தல் வேண்டா. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் 2005ஆம் ஆண்டு முதல் வகுத்துவந்த முறை மூன்று படிகள் கொண்டது. முதலில் 2 முதல் 6 வாரங்கள் இவ்வுணவுகளைக் குறைத்தல். பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்து, விளைவைக் குறிப்பேட்டில் எழுதுதல். முடிவில், தமக்கு ஒவ்வாததை மட்டும் அளவுபடுத்தல். ஒருவர்க்கு ஒவ்வாதது மற்றொருவர்க்கு ஒத்துவரும் என்பதே இம்முறையின் உயிர்நிலை. வளரும் பிள்ளைகளுக்கு இதனை வைத்தியரின் ஆலோசனையுடனேயே செய்தல் வேண்டும்.

இடைக்காலத்தில் உண்பதற்குச் சோறு, அரிசிமா இடியப்பம், முட்டை, மீன், கரட் ஆகியன உள. வெங்காயத்திற்குப் பதிலாக லீக்ஸின் பச்சை இலையைச் சேர்க்கலாம். உள்ளியை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் மணம் எண்ணெயில் நிற்கும். தொல்லை தரும் பொருளோ எண்ணெயிற் கரையாது.

இனி, கடைகளில் விற்கும் துணைப்பொருள்கள். அமெரிக்க இரைப்பை குடல் வைத்தியர் கல்லூரி 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, இசப்கோல் போன்ற கரையும் நாரைப் பரிந்துரைக்கிறது. அதனைச் சிறிதளவில் தொடங்கி நிறைந்த நீருடன் உட்கொள்ளல் வேண்டும். கோதுமைத் தவிடு இத்தகைய பயன் தருவதன்று. நுண்ணுயிர் அடங்கிய விலையுயர்ந்த குளிகைகளுக்கு ஆதாரம் போதாமையால் அவ்வழிகாட்டி அவற்றைப் பரிந்துரைக்கவில்லை.

ஒன்றை மட்டும் மறவாதீர். மலத்தில் இரத்தம், காரணமற்ற உடல் மெலிவு, காய்ச்சல், இரத்தச்சோகை, உறக்கத்தைக் கலைக்கும் கழிச்சல் ஆகியன தோன்றின், உணவுச் சோதனையை விடுத்துக் கண்டியிலோ பேராதனையிலோ உள்ள வைத்தியசாலையை உடனே நாடுக. அவை இல்லாதவிடத்து, உணவை அஞ்சிப் பட்டினி கிடவாது, பொறுமையுடன் ஆராய்ந்து உண்பதே நலம் தரும்.