உங்களுக்குத் தெரியுமா? கண்ணாமூச்சி ஆடும் கல்!

ஜப்பானின் கியோட்டோவில் ரியோவான்ஜி கோயிலின் கல் தோட்டம். மொத்தம் 15 கல். திண்ணையில் எங்கே உட்கார்ந்து எண்ணினாலும் 14தான் தேறும்! ஒன்று எப்போதும் ஒளிந்துகொள்ளும்!

அந்தக் கல் தோட்டத்துக்குள் மரமே கிடையாது. குளமும் இல்லை. வெள்ளைச் சரளையில் வாரி இழுத்த கோடுகள்தான் தண்ணீர்! இதுக்குப் போய் யுனெஸ்கோ அந்தஸ்தா என்கிறீர்களா? 1994-லேயே கொடுத்தாச்சு!

வீட்டில் இடமில்லையா? 'சுபோனிவா' போடுங்கள். கியோட்டோவின் பழைய கடைவீடுகளுக்கு நடுவே இருக்கும் முற்றத் தோட்டம். ஒரு சுபோ என்றால் சுமார் 36 சதுர அடி. ஒரு கல் விளக்கு, ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு பெரணி. முடிந்தது!

தோட்டம் போடுவதற்கு 11-ஆம் நூற்றாண்டிலேயே கையேடு எழுதிவிட்டார்கள். பெயர் 'சகுதெய்கி'. மலையில் படுத்துக் கிடந்த கல்லைத் தோட்டத்தில் நிமிர்த்தி வைத்தால் வீட்டுக்கு ஆகாதாம்! கல்லுக்கும் வாஸ்து!

கல்லைச் சும்மா தரைமேல் வைத்துவிடாதீர்கள். அடிப்பாகம் மண்ணுக்குள் புதைய வேண்டும். அப்போதுதான் பூமியிலிருந்து முளைத்த மாதிரி நிற்கும்! எண்ணிக்கை? 3, 5, 7. ஒற்றைப்படைதான் ராசி!

அடுத்தது நான் கண்டெடுத்ததிலேயே பெரிய புதையல். அடியில் ஓட்டை போட்ட பானையைக் கவிழ்த்துப் பூமிக்குள் புதைப்பார்கள். மேலே கூழாங்கல் பரப்பிவிடுவார்கள். கை கழுவிய தண்ணீர் கல் இடுக்கில் இறங்கி, ஓட்டை வழியே சொட்டுச் சொட்டாக விழும். பானையடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்குமே, அதில் பட்டதும்... டிங்! தரைக்குள்ளிருந்து தந்தி மீட்டுகிற சத்தம்! பெயர் 'சுய்கின்குட்சு'. கரண்ட் செலவு? பூஜ்யம்!

தேநீர்த் தோட்டப் பாதையில் கறுப்புக் கயிறு குறுக்காகக் கட்டிய சின்னக் கல் கிடக்கிறதா? தாண்டாதீர்கள். அதுதான் 'உள்ளே வராதே' போர்டு! கேட்டுக்கு ஆன காசு மிச்சம்!

என்ட்சூஜி கோயிலில் ஒரு மலையையே தோட்டத்துக்குள் இழுத்துவிட்டார்கள்! வேலிச் செடியை அளவாகக் கத்தரித்தார்கள். இடையில் இருப்பதெல்லாம் மறைந்தது. தூரத்து ஹியெய் மலை தோட்டத்துக்குள் வந்து நின்றது! பட்டா மாற்றாமலே! உங்கள் மதிலுக்கு மேல் அடுத்த வீட்டு மரம் தெரிகிறதா? அதையும் கணக்கில் சேருங்கள்!

தோஃபுக்குஜி கோயிலில் பழைய நடைபாதைக் கல்லை வீணாக்கக் கூடாது என்றார்கள். 1939-ல் தோட்ட வடிவமைப்பாளர் மிரெய் ஷிகெமோரி அதையே பாசிக்கு நடுவில் சதுரங்கக் கட்டமாகப் பதித்தார்! இன்று சுற்றுலாக் கேமரா எல்லாம் அங்கேதான்!

பாசியா? வழுக்குமே என்று பிளீச்சிங் பவுடரைத் தேடுகிறோம் நாம். சாய்ஹோஜி கோயிலிலோ பாசிதான் தோட்டமே! முன்பதிவு செய்தால்தான் பார்க்கலாம். எத்தனை வகைப் பாசி தெரியுமா? சுமார் 120!