போக 14 மணி, வர 13 மணி!

மாணவர்களே, சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 10,880 கிலோமீட்டர். போக ஏறத்தாழ 14 மணி நேரம், திரும்பிவர 13. தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது?

பூமி சுழல்வதாலா? இல்லை. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. உண்மைக் காரணம், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டம். கிழக்கே வரும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளுகிறது. மேற்கே போகும் விமானத்தைத் தடுக்கிறது. அதனால்தான் காற்றையும் கணக்கிட்டே எரிபொருள் நிரப்புகிறார்கள்.

இப்போது ஒரு கணக்கு: டிசம்பரில் லண்டனில் இரவு 10 மணிக்குப் புறப்பட்ட விமானம், மறுநாள் மாலை 7 மணிக்குச் சாங்கியில் இறங்குகிறது. பயண நேரம் 21 மணியா? 8 மணி நேர வேறுபாட்டைக் கழித்துப் பாருங்கள்: 13!